குறைந்த எடை மறுபடி ஏறுதா? ஒளிக்க வேண்டாம், வாங்க பேசுவோம்!



நம் மாதக் கூட்டங்களில் சர்க்கரை, பிரஷர், கர்ப்பப்பைக் கட்டி என்று எல்லாம் பேசுகிறோம். ஆனால் எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டு, சில வருடம் கழித்து மறுபடி எடை ஏறியவர்கள் மட்டும் வாயே திறப்பதில்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே போய் இந்த ஆபரேஷன் செய்துகொள்வது நம் பக்கத்துக்குப் புதுசு இல்லை. நகையை வைத்து, கடன் வாங்கிச் செய்தவர்களும் உண்டு. எடை திரும்பும்போது, "போட்ட காசெல்லாம் போச்சே, நாலு பேர் என்ன சொல்வாங்க" என்ற பயத்தில் டாக்டரிடம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

எடை ஏறுவதைவிட இந்த ஒளிப்புதான் அதிகம் கெடுதல் செய்கிறது. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

இது நம் எல்லோருக்கும் சம்பந்தப்பட்டதுதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் கூடுதல் எடையில் இருக்கிறோம். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது 31 ஆக இருந்தது.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது 'ஸ்லீவ்'. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒரு குழாயாக்கி விடுவார்கள். இரண்டாவது 'பைபாஸ்'. இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். பசியைத் தூண்டும் ஹார்மோனும் குறையும்.

உங்களுக்கு எந்த வகை செய்தார்கள் என்று தெரியுமா? தெரியாவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்து எழுதி வையுங்கள். ஆதார், ரேஷன் கார்டு மாதிரி அந்தத் தாளையும் பத்திரமாக வைக்க வேண்டும். பிற்காலத்தில் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

எடை ஏன் திரும்புகிறது? நம் தப்பா?

சுவீடன் நாட்டில் 1987-ல் ஆரம்பித்து, இந்த ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,000 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஒன்று, இரண்டு வருடத்தில் சராசரியாக 32 சதவீத எடை குறைந்தது. பத்தாவது வருடத்தில் அது 25 சதவீதமாக நின்றது. நம் கணக்கில் சொன்னால், 100 கிலோ இருந்தவர் 68-க்கு வந்து, பிறகு மெதுவாக 75-க்குப் போனார். ஏழு கிலோ ஏறியது உண்மை. 25 கிலோ குறைந்தே இருந்தது என்பதும் உண்மை. ஆபரேஷன் செய்யாத அதே மாதிரி ஆட்களோடு ஒப்பிட்டால் இவர்களிடம் இறப்பும் குறைவு என்று 2007-ல் தெரிந்தது.

ஆக, கொஞ்சம் எடை திரும்புவது பலருக்கும் நடப்பது. உடம்புக்கு நாம் அழகாக இருக்கிறோமா என்ற கவலை கிடையாது. எடை குறைந்தால் பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். பசியைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். வருமானம் குறைந்த மாதத்தில் நாம் சிக்கனம் பிடிப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

ஆனால் எடை ஏறிக்கொண்டே போனால் வேறு காரணமும் இருக்கும்:

* வருடக்கணக்கில் இரைப்பைக் குழாய் விரிவடைவது, அல்லது பைபாஸ் இணைப்பு பெரிதாவது.
* தைராய்டு குறைபாடு, மாதவிடாய் நிற்கும் காலம், பிரசவத்துக்குப் பிறகு இறங்காத எடை.
* சில மருந்துகள். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநோய்க்குத் தரும் சில மாத்திரைகள் எடையைக் கூட்டும். அதற்காக நாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்லி மாற்றுவழி கேட்க வேண்டும்.
* தூக்கக் குறைவு, மனக்கவலை, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொறிப்பது.

இதில் பாதிக்கு மேல் நம் கையில் இல்லாதவை. "வாயைக் கட்ட முடியலை" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

நம் ஊர்ச் சாப்பாட்டில் எங்கே சிக்கல்?

ஆபரேஷன் செய்த வயிறு கெட்டியான உணவைத் தடுக்கும். நீராகவும் கூழாகவும் இருப்பதைத் தடுக்காது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

கிருஷ்ணகிரி மாம்பழம் நமக்குப் பெருமை. ஒரு மாம்பழத்தை நறுக்கிச் சாப்பிட்டால் நாலு துண்டிலேயே வயிறு போதும் என்கும். அதையே சர்க்கரை போட்டு ஜூஸ் ஆக்கினால் ரெண்டு டம்ளர் சத்தமில்லாமல் இறங்கிவிடும். டீ, காபி, பாட்டில் குளிர்பானம் எல்லாம் இதே கதை. ஷிப்டில் நாலு முறை டீ குடித்து, முறைக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளைக்கு எட்டு ஸ்பூன், சுமார் 40 கிராம். மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல்!

அடுத்தது பேக்கரி. பஃப்ஸ், பன், முறுக்கு, சிப்ஸ் எல்லாம் வாயில் கரைந்து எளிதாக இறங்கும். வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது.

ராகிக் களி நல்ல உணவு. கால்சியம் நிறைய உண்டு. ஆனால் களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவது நம் பக்கத்துப் பழக்கம். ஆபரேஷன் செய்தவர்களுக்கு அது ஆகாது. சின்ன உருண்டையாக எடுத்து, கீரையோ பருப்போ முதலில் சாப்பிட்டு, மெதுவாக மென்று சாப்பிடுங்கள்.

தட்டில் முதலில் புரதம், பிறகு காய், கடைசியில்தான் சோறோ களியோ. நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலில் சுமார் 6 கிராம், உலர்ந்த மீல் மேக்கர் 50 கிராமில் சுமார் 25 கிராம் கிடைக்கும். கொள்ளு, அவரை, கொண்டைக்கடலைச் சுண்டல், மீன், கோழி எது வசதியோ அதைச் சேருங்கள். கிட்னி கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதீர்கள். சாப்பிட்டு அரைமணி கழித்துக் குடியுங்கள்.

நைட் ஷிப்ட் போகும் சகோதரிகளுக்கு

கம்பெனி பஸ்ஸில் போய், இரவு முழுக்க நின்று வேலை பார்த்து, காலையில் வந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு எத்தனை மணி நேரம் தூங்குகிறோம்? தூக்கம் குறைந்தால் பசி கூடும். முடிந்த அளவு இப்படிச் செய்யலாம்: ஷிப்டுக்குக் கிளம்பும் முன் புரதமுள்ள சாப்பாடு, நடுராத்திரிக்கு வீட்டிலிருந்தே அவித்த முட்டை அல்லது சுண்டல், பகல் தூக்கத்துக்கு வீட்டு ஆட்களின் உதவி. "அம்மா தூங்குறா, சத்தம் போடாதீங்க" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் அதுவும் வைத்தியம்தான்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும். வேலையில் நிற்பது இதில் சேராது. வாரம் ரெண்டு நாள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற பயிற்சியும் சேர்த்தால் தசை கரையாமல் இருக்கும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். சேமிப்புப் பதிவேடு எழுதுகிற நமக்கு இது கஷ்டமா? மூன்று மாதமாகத் தொடர்ந்து ஏறினால் நோட்டோடு போங்கள். பத்து, இருபது கிலோ ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

எடை எப்படி இருந்தாலும் வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை அவசியம். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, கால்சியம் பார்க்க வேண்டும். "எடைதான் ஏறிடுச்சே, இனி எதுக்கு மாத்திரை" என்று சத்து மாத்திரையை நிறுத்துவது பெரிய ஆபத்து. குண்டாக இருந்துகொண்டே ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும். கை கால் மரத்துப்போவது, அதிக முடி கொட்டுவது, மூச்சு வாங்குவது இதன் அடையாளங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவர்கள் மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். எடையோடு அதுவும் திரும்பி வரலாம். இதற்கு அலைய வேண்டியதில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் வீடு தேடி வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம் குழுக்களிலிருந்து போனவர்கள். அவர்களிடம் ஆபரேஷன் செய்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

உடனே ஆஸ்பத்திரி போக வேண்டியவை: நிற்காத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, கறுப்பு நிற மலம், தடுமாற்றமான நடை, பார்வைக் குழப்பம். நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் பி1 சத்து குறைந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படும்.

மெடிக்கலில் கவனம்: பைபாஸ் செய்தவர்கள் உடம்புவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. இணைப்பில் புண் வரும். கர்ப்பிணியானால், சர்க்கரைப் பரிசோதனைக்கு குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கும் முன்பே நர்ஸிடம் ஆபரேஷனைச் சொல்லிவிடுங்கள். சிலருக்கு மயக்கமும் படபடப்பும் வரும்.

இன்னொரு ஆபரேஷன் வேண்டுமா? ஊசி போடலாமா?

உடனே கடன் வாங்க ஓடாதீர்கள்! இரண்டாவது ஆபரேஷனில் ஆபத்து முதலாவதைவிட அதிகம். வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்தோ படம் எடுத்தோ, உள்ளே என்ன மாற்றம் என்று தெரிந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச வேண்டும். வேறொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள்.

எடைக் குறைப்பு ஊசிகள் இந்தியாவில் 2025-ல் வந்தன. மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வீகோவி. ஆபரேஷனுக்குப் பிறகு ஏறிய எடைக்கும் டாக்டர்கள் சிலருக்கு எழுதித் தருகிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் போடக் கூடாது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். அதனால் ஒரு மாதச் செலவை மட்டும் பார்க்காமல், வருடக்கணக்கில் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

"மாதம் பத்து கிலோ குறையும்" என்று நோட்டீஸ் ஒட்டி, ஆள் சேர்த்து விற்கும் பவுடர்களுக்கு ஒரு ரூபாயும் உள்கடன் எடுக்க வேண்டாம்.

ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் முதலில் அங்கே கேளுங்கள். தனியார் இன்சூரன்ஸ் இருந்தால், எடைக்கான ஆபரேஷனுக்கு என்ன நிபந்தனை என்று எழுத்தில் வாங்குங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

குழு என்ன செய்யலாம்?

* "என்னக்கா, மறுபடி பூசின மாதிரி ஆயிட்டீங்க" என்ற கேலியை நம் கூட்டத்தில் நிறுத்துவோம். ஒருவர் டாக்டரிடம் போகாமல் இருக்க அந்த ஒரு வார்த்தை போதும்.
* கூட்டத்துக்கு டீயும் பிஸ்கட்டும் தருவதற்குப் பதில் சுண்டலும் மோரும் தருவோம்.
* வருடப் பரிசோதனைக்குத் தனியாகப் போகத் தயங்குகிறவரோடு ஒரு உறுப்பினர் துணைக்குப் போகலாம்.
* மாலையில் நாலு பேர் சேர்ந்து நடப்போம்.

கடன் தவணை ஒரு மாதம் தவறினால் அந்த உறுப்பினரை நாம் விரட்டுவதில்லை. வீட்டுக்குப் போய் என்ன கஷ்டம் என்று கேட்கிறோம், வழி சொல்கிறோம். உடம்பு விஷயத்திலும் அப்படியே நடந்துகொள்வோம்.

ஊக்குநர்களே, பிரதிநிதிகளே! அடுத்த கூட்டத்தில் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். வாய் திறந்து கேட்கத் தயங்கும் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.