பழைய அம்பாசடருக்கு எந்தப் புத்தகம்?

நம் உறுப்பினர்களில் சிலர் கடை வேலைக்கும் குடும்பத்துக்கும் பழைய அம்பாசடரையே இன்றும் வைத்திருக்கிறார்கள். உத்தரபாரா தொழிற்சாலையில் 2014-ல் உற்பத்தி நின்றது. பழகிய மெக்கானிக்குகளும் குறைந்து வருகிறார்கள். ஆகவே சில்லறை வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளப் புத்தகம் தேடுவது நியாயமே. ஆனால் அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து வாங்கிவிடக் கூடாது.

மொத்த மளிகை வியாபாரி நண்பர் ஒருவர் அப்படித்தான் வாங்கினார். புத்தகத்தில் இருந்த அளவுப்படி ஹெட் போல்ட்டுகளை முறுக்கினார். காஸ்கெட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்து, தீபாவளி வியாபார நேரத்தில் வண்டி மூன்று வாரம் நின்றது. புத்தகத்தில் பிழை இல்லை. அது வேறு எஞ்சினுக்கு உரியது.

அம்பாசடரின் தோற்றம் அதிகம் மாறவில்லை. உள்ளே இருப்பது பலமுறை மாறியது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை ஒட்டிப் பிறந்த இந்த வண்டியில் நெடுங்காலம் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இருந்தது. பிறகு டீசல் வந்தது. 1990-களில் 1817 சி.சி. இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. பழைய எஞ்சினுக்கு அங்குல ஸ்பேனர், இசுசுவுக்கு மில்லிமீட்டர். எனவே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள ஆண்டு, சி.சி., எஞ்சின் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே கடைக்குச் செல்ல வேண்டும்.

வண்டியோடு வரும் கையேடு ஆயில், டயர் காற்று பற்றிச் சொல்வதோடு சரி. கழற்றி மாட்ட வேண்டுமானால் ஒர்க்‌ஷாப் மேனுவல்தான் தேவை. ஆங்கில மாரிஸ் மேனுவல் பழைய 1489 பெட்ரோல் வண்டிக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அதில் பாட்டரியின் பாசிட்டிவ் முனை எர்த். ஆல்டர்னேட்டர் உள்ள பிற்கால வண்டிகளில் நெகட்டிவ் எர்த். மாற்றி இணைத்தால் டயோடு கருகிவிடும். முறுக்கு அளவும் அதில் அடி-பவுண்டில் இருக்கும். ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது சுமார் 7.23 அடி-பவுண்டு.

வியாபாரிகளாகிய நமக்கு மேனுவலை விடவும் உதவுவது உதிரி பாகப் பட்டியல் என்பேன். வாஷர் முதற்கொண்டு எது எதன் பின் வருகிறது என்று படமும், ஒவ்வொன்றுக்கும் எண்ணும் இருக்கும். சென்னை ஜி.பி. ரோட்டுக் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்பதும் எண்ணைச் சொல்லிக் கேட்பதும் ஒன்றல்ல. சரக்கு மாறி வந்தால் திருப்பித் தரவும் பிடி இருக்கும்.

ஜெராக்ஸ் பிரதி என்றால் அளவுப் பட்டியலை முதலில் பாருங்கள். மங்கிய பிரதியில் 3-ம் 8-ம் ஒன்றுபோல் தெரியும். வயரிங் படம் மடிப்பில் அறுபட்டிருந்தால் வாங்க வேண்டாம்.