வீட்டிலுள்ள பழங்கருவிகளை அறிவோம்

பழைய வீட்டைக் காலி செய்யும்போதும், தீபாவளிக்காக வீட்டைத் துப்புரவு செய்யும்போதும், பயன் இன்னதென்று விளங்காத பொருள்கள் சில நம் கையில் அகப்படுவதுண்டு. நுனி மடிந்த கத்தி, நீண்ட காம்புடைய பித்தளைக் குமிழ், புள்ளிகள் பதித்த கோல் என அவை பலவகைப்படும். "இஃது எதற்கு?" என்று பிள்ளைகள் வினவுவர். விடை கூறுவார் இல்லையெனில், அப்பொருள் பழைய இரும்பு வாங்குபவரின் வண்டியில் ஏறிவிடும். அத்தகைய பொருள்களை அடையாளம் காணும் வழிகளை இங்குக் காண்போம்.

எந்தக் கருவியும் தான் செய்த வேலையின் தடயத்தைத் தன் உடம்பிலேயே தாங்கி நிற்கும். ஆகவே, பொருளைக் கையில் எடுத்தவுடன் நான்கு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இஃது எதனால் ஆனது? எந்த இடம் தேய்ந்துள்ளது? எங்கே கறையோ கரியோ ஒட்டியிருக்கிறது? அதன்மேல் கோடு, புள்ளி, எண் ஏதேனும் உண்டா?

நுனி மடிந்த கத்தியை முதலில் ஆராய்வோம். அதன் கூர்மை பக்கவாட்டில் இல்லை. மடிந்த நுனியில் இருக்கிறது. எனவே, அது காய்கறி நறுக்கும் கத்தியன்று. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியாகும். வெட்டுபவர் அதனைத் தம் பக்கமாக இழுத்துப் பட்டையை மெல்லியதாகச் சீவுவார். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரம் காயம்படும். நாள்தோறும் தீட்டித் தீட்டி அலகு குறுகிப்போன கத்தி, ஒருவர் எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதற்குச் சான்றாகும்.

அடுத்தது பித்தளைக் குமிழ். அதன் காம்பில் அளவுக் கோடுகள் இருப்பின், அது 'மெட்ரோலாக்' என்னும் பால் அளவுமானியாக இருக்கலாம். ரப்பர் நீரைவிட இலேசானது. ஆதலால், ரப்பர் மிகுந்த பாலில் இக்கருவி ஆழமாக அமிழும். நீர் மிகுந்த பாலில் மேலே எழுந்து மிதக்கும். மரத்திலிருந்து வடியும் பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 பங்கு வரையே ரப்பர் உண்டு. விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, காண்டா கம்பில் வாளிகளைச் சுமந்து வந்த தொழிலாளியின் பாலுக்கு எவ்வளவு ரப்பர் கணக்காகும் என்பதை இச்சிறு கருவி காட்டிற்று.

புள்ளிகள் பதித்த கோல், 'டாச்சிங்' எனப்படும் தூக்குக்கோல். கோலின் ஒரு முனையில் பொருளைத் தொங்கவிட்டு, எடைக்குண்டை மறுபக்கம் நகர்த்திக் கோலைச் சமநிலைக்குக் கொணர்வர். குண்டு நிற்கும் புள்ளியே எடையைக் காட்டும். 16 தாயில் ஒரு காத்தி. 100 காத்தி ஒரு பிக்குல். ஒரு காத்தி ஏறத்தாழ 605 கிராம். 1972ஆம் ஆண்டின் எடை, அளவுச் சட்டத்திற்குப்பின் மலேசியா மெட்ரிக் முறைக்கு மாறியதால், இக்கோல் சிறிது சிறிதாக மூலைக்குச் சென்றது.

அடுப்படிப் பொருள்களுக்கும் இம்முறை பொருந்தும். மூடி திறக்கும் கனத்த இரும்புப் பெட்டியும், அடியில் வழவழப்பான தட்டும், பக்கங்களில் காற்றுத் துளைகளும் இருந்தால் அது கரி இட்டுத் துணி தேய்க்கும் பெட்டி. நடுவில் முளையும் மேற்கல்லில் துளையும் உடைய இரட்டை வட்டக்கல், பயறு உடைக்கும் திரிகை. இரு கைப்பிடிகளுக்கு இடையே கூரிய அலகு உள்ளது பாக்குவெட்டி.

கோத்தா கோலா மூடா போன்ற கடலோர ஊர்களில் வேறு கருவிகளும் கிடைக்கும். தட்டையாய், ஒரு முனை கூராய், நடுவே நாக்குப் போன்ற பகுதியுடன் இருப்பது வலை பின்னும் ஊசி. அதன் விவரத்தை மீனவரான மலாய்க்காரர் அண்டை வீட்டாரிடம் கேட்டால் மகிழ்வுடன் விளக்குவர்.

கேட்பதற்கு ஆளில்லாமற்போனால் என்னவாகும்? அதற்கு நம் கோலா மூடா மாவட்டத்திலேயே சான்று உண்டு. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, பழங்கால மண் குழாய்கள் ஏராளமாக வெளிப்பட்டன. அவற்றைச் செய்தவர் பெயரோ, வழங்கிய சொல்லோ இன்று எவர் நாவிலும் இல்லை. வெப்பத்தால் உருகிய முனைகளையும், அருகிற்கிடந்த இரும்புக் கசடுகளையும் கொண்டே, அவை இரும்பு உருக்கும் உலைக்குக் காற்று ஊதிய குழாய்கள் என அறிஞர் தெளிந்தனர். வேலை விளங்கிற்று, வேலை செய்தவரின் கதை மண்ணோடு போயிற்று.

நம் வீட்டுக் கருவிகளுக்கோ இன்னும் கதை சொல்ல ஆள் உண்டு. ஆயின், தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. 2004 டிசம்பர் 26இல் கோத்தா கோலா மூடாவைத் தாக்கிய ஆழிப்பேரலை, வீடுகளோடு வீட்டுப் பொருள்களையும் சிதைத்தது. பொருள் அழிய ஒருநாள் போதும். அதை அறிந்தவர் மறைந்தாலோ, பொருள் இருந்தும் பயனில்லை.

ஆகவே, மாணவர்களே, பழம்பொருள் ஒன்று கிடைத்தால் உடனே தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டா. கறையும் ஒரு சான்றே. கூரிய கருவிகளைப் பெரியோர் துணையின்றித் தொடாதீர். பெயர் தெரியாத திரவம் உள்ள புட்டிகளைத் திறவாதீர்; ரப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலமாகவும் இருக்கக்கூடும். பொருளைத் தாத்தா, பாட்டியின் கையில் கொடுத்து, எவ்வாறு பிடித்தார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். பெயர், பயன், பயன்படுத்தியவர், தோட்டம், ஆண்டு ஆகிய ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி அப்பொருளோடு கட்டிவையுங்கள்.

பெற்றோர்களே, பழைய இரும்புக்குக் கிடைக்கும் சில வெள்ளி ஒருநாள் கறிச் செலவுக்கும் காணாது. உங்கள் பெற்றோர் எவ்வாறு உழைத்து உங்களை ஆளாக்கினர் என்பதைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட, அந்தத் தேய்ந்த கத்தி ஒன்றே போதும். அதனை விற்குமுன் ஒருமுறை அவர்களிடம் கேளுங்கள்.