தோட்டாவின் பித்தளை உறை

துப்பாக்கித் தோட்டாவின் உறைக்குப் பெரும்பாலும் பித்தளையையே தெரிந்தெடுப்பது ஏன்? எஃகு அதனினும் வலியதன்றோ? வலிமை மட்டும் போதாது; விரிந்து மீளும் தன்மையும் வேண்டும் என்பதே விடை.

இப்பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்திருக்கும். வெடிமருந்து பற்றியதும் உள்ளே எழும் வாயுவின் அழுத்தம், ரைபிள் துப்பாக்கியில் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 3,000 மடங்கையும் தாண்டுவதுண்டு. அக்கணமே உறையின் மெல்லிய சுவர் விரிந்து, துப்பாக்கியின் உட்சுவரோடு இறுகப் படிகிறது. வாயு பின்புறமாகச் சீறிச் சுடுபவரின் முகத்தைத் தாக்காதவாறு அடைத்து நிற்கிறது. குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்ததும் உறை சிறிதே சுருங்குகிறது. அச்சுருக்கம் இல்லையேல் வெற்றுறையை வெளியே இழுத்தல் அரிது.

பித்தளைக் குடம் தட்டும் கன்னார், அடிக்க அடிக்க உலோகம் இறுகுவதைக் கண்டு, இடையிடையே அதனை நெருப்பிலிட்டு இளக்குவார். உறை செய்வோர் கையாளுவதும் அம்முறையே. அடிப்பகுதியைத் தடித்ததாகவும் கடினமாகவும் விட்டு, வாய்ப்பகுதியை மட்டும் காய்ச்சி இளக்குவர்.

சுட்ட உறையில் மீண்டும் மருந்திட்டுப் பயன்படுத்துவோர், விரிந்த உறையை அச்சில் நெருக்கிப் பழைய அளவுக்குக் கொணர்வர். இவ்வாறு விரிவதும் நெருக்கப்படுவதும் மாறிமாறி நிகழ்வதால், கழுத்து இறுகி நாளடைவில் பிளக்கும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் நீண்டு மெலியும். அங்கே வளையம் போன்று பளிச்சிடும் கோடு தோன்றினால், அவ்வுறையைக் கழித்துவிட வேண்டும். மறுமுறை சுடுகையில் அது இரண்டாக அறுந்துபோகக்கூடும்.

சுடாமலே பிளந்த உறைகளும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலம் கழியும்வரை குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் விரிசல் கண்டன. ஆகவே இதற்குப் ‘பருவ விரிசல்’ என்று பெயர் வந்தது. காரணம் இரண்டு: குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஒன்று, உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்தினுள் தங்கிவிட்ட இழுவிசை மற்றொன்று. 1921ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் இதனை விளக்கினர்.

மிதமான சூட்டில் வாட்டினால், பித்தளையின் கடினம் பெரிதும் குன்றாமலே அவ்விழுவிசை தணிந்துவிடும். எளிய செயல்தான். ஆயினும் அதனைச் செய்யாது விட்டால், பளபளக்கும் புதிய தோட்டாவும் பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போகலாம். போர்க்களத்தில் பிளந்த உறை துப்பாக்கியினுள் சிக்கிக்கொண்டால், வீரன் கையில் எஞ்சுவது வெறுங்கோல் அன்றி வேறில்லை.