மாத்தறை வைரம்

நேயர்களே, சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதிலே, எங்கள் திரியாய்க் கிராமத்துத் தாயொருவர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு சோடித் தோட்டை அவிழ்த்து என் முன்னே வைத்தார். அவருடைய அம்மம்மா அணிந்த தோடு அது. வைரத்தோடு என்றே அக்குடும்பத்தில் வழங்கி வந்தது. மகளின் திருமணத்தின்போது அதனையும் கொடுத்திருக்கிறார். பின்னர் மாப்பிள்ளை வீட்டார் ஓர் அவசரத் தேவைக்காக அதனை நகைக்கடை ஒன்றுக்குக் கொண்டு சென்றபோது, கடைக்காரர் சற்றே திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மாத்தறைக் கல்" என்று கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அன்று தொடக்கம் அவ்வீட்டில் மகளுக்கு நிம்மதியில்லை.

"ஐயா, என்ர அம்மம்மா பொய் சொல்லுற மனுசியில்லை" என்று மாத்திரம் அந்தத் தாய் சொன்னார்.

நான் கலைப் பட்டதாரி. கல்லைப் பற்றி நான் கற்றதெல்லாம் சிலப்பதிகாரத்தோடு சரி. ஊர்காண் காதையில், மதுரை மாநகரின் இரத்தின வணிகர் வீதியை வருணிக்கும் இளங்கோவடிகள், நல்ல வைரத்தில் இருக்கலாகாத குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கினைக் குறிப்பிடுகின்றார். காக்கையின் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு என்பன அவை. வகுப்பில் இதனைப் பலமுறை கற்பித்திருக்கின்றேன். ஆயினும், கையிலே ஒரு கல்லைத் தந்து இஃது என்னவென்று கேட்டபோது வாய் திறக்க முடியவில்லை. விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் உதவியை நாடினேன். அதன் பின்னர் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

முதலில் வைரம் யாது? அடுப்புக்கரியும் பென்சிற்கரியும் எந்த மூலகமோ அதே காபன்தான் வைரமும். 1797ஆம் ஆண்டில் சிமித்சன் தெனன்ட் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர் வைரத்தை எரித்து இதனை நிறுவினார். பூமியின் ஆழத்தில், பேரழுத்தத்திலும் பெருவெப்பத்திலும் அணுக்கள் நாற்புறமும் இறுகப் பிணைந்தமையால் அதற்கு ஒப்பற்ற வன்மை வாய்த்தது. கனிப்பொருள்களின் வன்மையை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோ என்பாரின் அளவையில் வைரத்துக்குப் பத்து. நம் காட்டிலே முதிரையும் பாலையும் முற்றி இறுகினால் 'வைரம் பாய்ந்த மரம்' என்கிறோமல்லவா? தமிழர் அச்சொல்லை வன்மைக்கே வைத்தனர். ஆனால் வன்மை வேறு, உடையாமை வேறு. வைரத்தில் எதுவும் எளிதிற் கீறல் விழுத்தாது. சுத்தியலால் அடித்தாலோ பிளந்து போகும். அடித்துப் பார்த்துச் சோதிக்கலாம் என்று எண்ணி நல்ல கல்லை நாசமாக்கிவிடாதீர்கள்.

வைரத்தின் தரத்தை இன்று நான்கு வகையாக மதிப்பிடுகின்றனர். எடையைக் 'கரட்' என்னும் அலகால் நிறுப்பர். ஐந்து கரட் ஒரு கிராம். ஒரு கரட் கல்லின் விலையை இரண்டாற் பெருக்கினால் இரண்டு கரட் கல்லின் விலை வாராது. பெருங்கல் அரிதாகையால் விலை அதனினும் ஏறும். நிறத்தை ஆங்கில எழுத்து டி முதல் இசட் வரை குறிப்பர். டி என்பது நிறமே அற்றது, இசட்டை நெருங்க நெருங்க மஞ்சட் சாயல் கூடும். ஏயிலே தொடங்காதது ஏன் என்று என் மாணவனொருவன் கேட்டான். ஏ, பீ, சீ என்னும் எழுத்துகளை முன்னரே வணிகர் தத்தம் மனம்போல வழங்கிக் குழப்பியிருந்தமையால், 1950களில் அமெரிக்க இரத்தினவியல் நிறுவனத்தார் புதிதாக டியிலிருந்து தொடங்கினர். மாசின்மையைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் வில்லையால் நோக்குவர். அங்கே அவர்கள் தேடுவனவும் நம் காகபாதம், களங்கம், விந்து, ஏகை போன்றவையே!

நான்காவது பட்டை தீட்டிய செம்மை. ஏனைய மூன்றும் இயற்கை தந்தவை. இஃது ஒன்றே மனிதன் கைவேலை. வட்டக் கல்லுக்கு வழக்கமாக 57 அல்லது 58 பட்டைகள். மேலிருந்து புகும் ஒளி அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பி மேலேயே வரவேண்டும். அடி மிக ஆழமானாலும், மிகத் தட்டையானாலும் ஒளி வேறு வழியாக ஒழுகிப்போகும். கல் சோபை இழக்கும். எந்தக் கோணத்தில் தீட்டினால் ஒளி மிகும் என்பதை மார்செல் தொல்கோவ்ஸ்கி என்பார் 1919இல் கணக்கிட்டு வெளியிட்டார்.

இவையெல்லாம் சரி. ஆனால் இந்நான்கும் கையிலிருப்பது வைரம் என்று தெரிந்த பின்னரே பயன்படும். கல் எது என்பது தெரியாமல் தரம் பேசுதல் வீண். பாண்டியன் அவையிலும் வழக்கு சிலம்பின் அழகைப் பற்றியதன்று. பரல் மாணிக்கமா, முத்தா என்பதே வினா.

அந்தத் தோட்டுக்கு வருவோம். விஞ்ஞான ஆசிரியர் கல்லின் மேற்புறத்தினூடாக வில்லையால் நோக்கி, பல திசைகளிலும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். அடிப்பட்டைகளின் விளிம்புகள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தோன்றின. ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிக்கும் கற்களிலேதான் இவ்வாறு தோன்றும். வைரம் பிரிக்காது, கண்ணாடியும் பிரிக்காது. மேலும், மேற்பட்டைகளின் விளிம்புகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. வைரமாயின் அவ்வளவு எளிதில் தேயாது. அம்மம்மா காலத்துக் கல்லாகையால் 1970களின் பிற்பகுதியிற் கடைக்கு வந்த செயற்கைக் கற்களாகவும் இருக்க முடியாது. கடைக்காரர் கூறியது சரியே. அது சிர்கோன் என்னும் கல்.

இலங்கையில் வைரச் சுரங்கம் இல்லை. ஆனால் நிறமற்ற சிர்கோன் கல்லை, அல்லது சூடேற்றி நிறம் போக்கிய சிர்கோனைத் தென்னிலங்கையின் மாத்தறைப் பெயரால் 'மாத்தறை வைரம்' என்று நெடுங்காலமாக விற்று வந்தனர். ஒளியை வானவில் நிறங்களாகச் சிதறும் ஆற்றலில் அது வைரத்துக்குச் சற்றே குறைந்தது. ஆதலின் பழைய நாள்களில் ஐரோப்பிய வணிகர் பலரும் அதனைக் குறையுள்ள வைரம் என்றே கருதினர். வன்மையோ ஏழரை அளவே. கனம் வைரத்தினும் மிகுதி. ஒரே பருமனுள்ள வைரம் ஒரு கரட் எனில் சிர்கோன் ஏறக்குறைய ஒன்றேகால் கரட்டுக்கு மேல் நிற்கும். 1789இல் கிளாப்ரொத் என்னும் சேர்மன் அறிஞர் ஒரு புதிய மூலகத்தின் ஒட்சைட்டை முதன்முதலிற் கண்டறிந்தது இலங்கையிலிருந்து சென்ற சிர்கோன் கல்லிலேதான். சிர்கோனியம் என்பது அம்மூலகம்.

நேயர்களே, இக்கல்லுக்காக நான் மாத்தறைக்குப் போகவேண்டியதில்லை. திரியாயிலிருந்து கடலோரப் பாதையில் வடக்கே சென்றால் புல்மோட்டை. அங்குள்ள கருமணலிற் பெரும்பங்கு இல்மனைற். அதனுடன் உருட்டைலும் சிர்கோனும் கலந்துள்ளன. தொழிற்சாலையில் காந்தத்தாலும் மின்னேற்றத்தாலும் அவற்றைப் பிரித்தெடுக்கின்றனர். ஓடுகளுக்கும் பீங்கானுக்கும் வெண்மைப் பூச்சாகவும், உலோக வார்ப்பு அச்சுகளுக்காகவும் அந்தச் சிர்கோன் மணல் கப்பலேறுகின்றது. மணிகள் மிகச் சிறியவை. பட்டை தீட்ட உதவா. ஆயினும் அத்தோட்டிலிருந்த கல்லும் நம் பிள்ளைகள் மிதித்து விளையாடும் மணலும் ஒரே பொருள்தான்.

அன்று அத்தாயிடம், "இது வைரமன்று அம்மா" என்றேன். "அப்ப பொய்க்கல்லோ ஐயா?" என்றார். "இல்லை. கண்ணாடியுமன்று, செய்கல்லுமன்று. மண்ணில் விளைந்த மெய்யான கல், பெயர்தான் இரவல்" என்று கூறினேன். வைரத்தின் விலைக்கு அருகேயும் வாராது என்பதையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்திற் காட்டி எழுத்திற் பெற்றுக்கொள்ளும்படியும் சொன்னேன். இன்று ஆய்வுகூடத்தில் வளர்த்த மெய்யான வைரமே சந்தைக்கு வந்துவிட்டது. அதனைக் கருவியின்றிக் கண்டறிய நகைத்தொழிலாளராலும் இயலாது. கல் வாங்குவோர் பற்றுச்சீட்டில் 'வைரம்' என்று மாத்திரம் எழுதினால் ஒப்புக்கொள்ளாமல், இயற்கை வைரமா, ஆய்வுகூட வைரமா, வேறு கல்லா என்று எழுதுவித்துக்கொள்ளல் வேண்டும். மாத்தறை வைரம் என்று எழுதினால் அதனைச் சிர்கோன் என்று திருத்துவிக்க வேண்டும்.

மாப்பிள்ளையும் மாமியாரும் அந்தத் தாயுமாகக் கொழும்புக்குப் போய்வந்தனர். சிர்கோன் என்றே எழுதிக் கொடுத்திருந்தார்கள். சென்ற கோயில் திருவிழாவில் அந்த மகளைக் கண்டேன். தோடு காதிலே இருந்தது.