நாள்தோறும் சில பக்கங்கள்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் முன் நின்று, அயல்நாட்டுப் பயணிகளுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தங்குதடையின்றி விளக்கம் கூறும் வழிகாட்டிகளை நாம் கண்டிருக்கிறோம். நாள்தோறும் காதில் விழும் மொழியே அவர்களுக்கு ஆசான். அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கற்பட்டிலோ, பள்ளிப் பருவம் முழுதும் ஆங்கிலம் பயின்ற மாணவர் பலர் நேர்முகத் தேர்வில் இரண்டு தொடர் பேசத் தயங்குகின்றனர். இஃது அறிவுக் குறைவன்று. மொழியோடு பழகும் வாய்ப்பின் குறைவேயாகும். அவ்வாய்ப்பை எளிய நூல்கள் தரவல்லன.

இதனை நம் துணைக்கண்டத்து மாணவரிடையே ஆராய்ந்தவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியாற்றிய அவர், ஆங்கிலம் பேசும் சூழல் இல்லாத வங்க மாணவர்க்கு வாசிப்பே முதல் வாயில் என்றார். பாடநூல்களில் புதுச்சொற்கள் நெருங்கி வந்து மாணவரை மலைக்கச் செய்வதையும் கண்டார். எனவே, பழகிய சொற்களுக்கிடையே புதுச்சொற்களை அளவோடு அமைத்து, 1920-களில் எளிய வாசக நூல்களை உருவாக்கினார்.

தமிழரும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று குடியேறிய ஃபிஜித் தீவில், 1980-இல் கிராமப் பள்ளி வகுப்புகளுக்கு ஆங்கிலக் கதைநூல்கள் ஏராளமாக வழங்கப்பெற்றன. எட்டுத் திங்களில், அம்மாணவர் படித்தும் கேட்டும் புரிந்துகொள்ளும் திறனில் வழக்கத்தைப் போல் இருமடங்கு வேகத்தில் முன்னேறினர்.

எத்தகைய நூலைத் தேர்வது? நூறு சொற்களில் அறியாதவை இரண்டு மூன்றுக்கு மேற்பட்டால், அந்நூலை இப்போதைக்கு மூடி வைக்கலாம். சொல்தோறும் அகராதியைப் புரட்டுபவர் கதையின் ஓட்டத்தை இழக்கிறார். ஓட்டம் அறுந்தால் ஆர்வமும் அறும். அறியாத சொல்லைக் கடந்து செல்லுங்கள். வெவ்வேறு இடங்களில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்போது அது தானே பொருள் உணர்த்தும்.

நிமிடத்திற்கு 100 சொற்கள் வீதம் அரைமணி நேரம் படித்தால் நாளொன்றுக்கு 3,000 சொற்கள். ஓராண்டில் பத்து இலட்சத்திற்கும் மேல்! திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லும் பேருந்துப் பயணமே இதற்குப் போதுமானது. எனினும், வாசிப்பு மட்டுமே நாவைப் பழக்கிவிடாது. நாளும் ஒரு பக்கத்தை உரக்கப் படித்து, படித்த கதையை நண்பரிடம் அம்மொழியிலேயே கூறிப் பார்த்தல் நலம்.

"கல்லூரி மாணவர் சிறுவர் கதை படிப்பதா?" என்னும் நாணமே பெருந்தடை. நீந்தக் கற்பவர் ஆழ்கடலிலா முதலில் இறங்குகிறார்? ஆசிரியப் பெருமக்கள் இந்நூல்களைத் தேர்வுச் சுமையாக்காதிருக்க வேண்டும். சமுதாயப் பெரியோர்கள் கல்லூரி நூலகத்திற்கு ஓர் அலமாரி எளிய நூல்களை வழங்கலாம். மாணவச் செல்வங்களே, இன்றிரவே பத்துப் பக்கம் படிக்கத் தொடங்குங்கள், நாளையும் தொடருங்கள்.