இடுப்பு எக்ஸ்-ரே: படத்தில் தெரிவதும் தெரியாததும்

திருவாதவூர் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “ஐயா, நடவு முடிந்த கையோடு என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வயது 52. மேலூர் போய் எக்ஸ்-ரே எடுத்தோம். ‘தேய்மானம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். இனிமேல் வயலில் இறங்கினால் படுத்த படுக்கைதான் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். இருக்கிற இரண்டு ஏக்கரையும் குத்தகைக்கு விட்டுவிடலாமா?”

குத்தகை பற்றிய கேள்வியாகத்தான் இது என் மேசைக்கு வந்தது. ஆனால் கேள்வியின் வேர் அந்த எக்ஸ்-ரே படத்தில் இருக்கிறது. நான் மருத்துவன் அல்ல, வேளாண்மை படித்தவன். என் இடுப்பையும் இரண்டு முறை படம் எடுத்திருக்கிறார்கள் என்பதாலும், இதே பயத்தோடு வயலை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதாலும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததை எழுதுகிறேன்.

முதலில் எடுக்கும் முறை. சீட்டில் ‘எல்.எஸ். ஸ்பைன், ஏ.பி., லேட்டரல்’ என்று இருக்கும். கீழ்முதுகின் ஐந்து எலும்புகளையும் அதற்குக் கீழே உள்ள இடுப்பு எலும்பையும் நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்கிறார்கள் என்று பொருள். வேட்டி மடியில் இருக்கும் சில்லறை, சாவிக்கொத்து, புடவை ஊக்கு, வெள்ளி அரைஞாண், இடுப்பில் கட்டிய தாயத்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நம் ஆட்கள் தயங்குவது அரைஞாணுக்குத்தான். கழற்றாவிட்டால் பார்க்க வேண்டிய எலும்பின் மேலேயே அது வெள்ளைக் கோடாக விழும். மறுபடி எடுக்க வேண்டி வரும். வயிற்றில் வாயுவும் மலமும் நிறைந்திருந்தாலும் படம் மங்கும். அதனால் சில இடங்களில் முதல் நாள் இரவு மாத்திரை கொடுத்து, காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளிப் போயிருந்தாலோ பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கூட்டத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாக அழைத்துச் சொல்லுங்கள்.

மேசை கெட்டியாக, சில்லென்று இருக்கும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி ஒரு படம், ஒருக்களித்துப் படுத்து ஒரு படம். “மூச்சைப் பிடிங்க” என்றால் அசையாமல் பிடிக்க வேண்டும். கதிர் பாய்வது ஒரு நொடிக்கும் குறைவு, அதில் வலி கிடையாது. வலி வருவது புரண்டு படுக்கும்போதுதான். “மெதுவாகத் திரும்புகிறேன்” என்று சொல்லுங்கள், காத்திருப்பார்கள். உடை மாற்றுவது உட்பட எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கதிர்வீச்சைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இடுப்பு எக்ஸ்-ரேயில் உடம்பில் சேருவது சுமார் 1.5 மில்லிசீவர்ட். மண், காற்று, வானம் எல்லாவற்றிலிருந்தும் மனிதன் சராசரியாக ஆண்டுக்குப் பெறுவது 2.4. ஆக, அரை வருடக் கணக்கைவிடச் சற்று அதிகம் ஒரே நாளில் சேருகிறது. ஒருமுறை எடுப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நெஞ்சு எக்ஸ்-ரேயைவிட இது பல மடங்கு. மருத்துவரை மாற்றும்போதெல்லாம் புதிதாக எடுப்பது வீண்.

இனி, படம் என்ன சொல்லும்? எலும்பு முறிந்திருந்தால், நசுங்கி உயரம் குறைந்திருந்தால், ஒன்றின் மேல் ஒன்று நழுவியிருந்தால் தெரியும். ஓரங்களில் முள் போல எலும்பு வளர்ந்திருப்பதும், இரண்டு எலும்புக்கு நடுவே இடைவெளி குறைந்திருப்பதும் தெரியும். ஜவ்வு தெரியாது. நரம்பும் தசையும் தெரியாது. “எக்ஸ்-ரேயில் ஜவ்வு விலகியிருக்கிறது” என்று யாராவது சொன்னால், அது இடைவெளியைப் பார்த்துச் செய்த ஊகம்தான். ஜவ்வையும் நரம்பையும் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். எலும்பின் சத்து குறைவதைக்கூட எக்ஸ்-ரே தாமதமாகத்தான் காட்டும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போன பிறகே கண்ணுக்குப் படும். ஆகவே ‘படம் நார்மல்’ என்பதும் முடிந்த முடிவல்ல.

வாசகியின் கணவருக்கு எழுதப்பட்ட ‘தேய்மானம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. 50 வயதில் 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். இவர்கள் ஒருவருக்கும் வலி இல்லை என்பதை மறக்கக் கூடாது. நரைமுடி போல வயதோடு வருவது இது. மண் பரிசோதனை அட்டையில் கார அமிலத் தன்மை 8.2 என்று பார்த்துவிட்டு, “இந்த மண்ணில் இனி எதுவும் விளையாதா சார்?” என்று கேட்பவர்கள் உண்டு. அதே வயலில்தான் போன போகத்தில் நல்ல மகசூல் எடுத்திருப்பார்கள். அட்டையை மட்டும் பார்த்து நான் பரிந்துரை எழுதுவதில்லை, வயலையும் பார்க்கிறேன். மருத்துவரும் படத்தோடு ஆளையும் பார்க்க வேண்டும். குனிய வைத்து, காலைத் தூக்க வைத்து, விரலின் பலத்தைச் சோதித்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.

நடவு, மூட்டை தூக்குதல் முடிந்து வரும் பிடிப்பு பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் தணிந்துவிடும். அதற்கு முதல் நாளே எக்ஸ்-ரே தேவையில்லை என்பதுதான் இன்றைய மருத்துவ வழக்கம். முழு நேரமும் படுத்துக் கிடப்பது வலியை நீட்டிக்கும். முடிந்த அளவு நடமாட வேண்டும்.

தாமதிக்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. பனையிலிருந்தோ, கிணற்றுக்குள்ளோ விழுந்தவரை இருசக்கர வாகனத்தில் நடுவே உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், படுத்தாலும் விடாத இரவு வலி என்றால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை இலவசம், பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்து மாதக் கணக்கில் கடத்தக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, கால் பலம் இழந்தாலோ எக்ஸ்-ரேக்கு வரிசையில் நிற்க நேரமில்லை. அன்றைக்கே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

இனி அம்மா, உங்கள் கேள்விக்கு. மேலே சொன்ன அறிகுறி எதுவும் உங்கள் வீட்டுக்காரருக்கு இல்லையென்றால், ஒரு சொல்லை நம்பி நிலத்தைக் கைமாற்ற வேண்டாம். படத்தோடு எலும்பு மருத்துவரிடம் போய், “நழுவலோ நசுங்கலோ இருக்கிறதா, எந்த வேலையை எவ்வளவு நாள் தவிர்க்க வேண்டும்?” என்று நேராகக் கேளுங்கள். இந்தப் போகத்துக்குக் களையெடுக்கக் குனிய வேண்டாம். வரிசை நடவு என்றால் கோனோவீடரை நின்றபடியே தள்ளலாம். யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. 50 கிலோ, முழு மூட்டையைத் தோளில் ஏற்றாமல் வரப்பிலேயே பிரித்து, பாதி பாதியாக வாளியில் கொண்டு போகலாம். ஒருபோகப் பாசனம்தான் நமக்கு. அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. குத்தகை முடிவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்-ரே படத்தை மடிக்காமல், வெயில் படாமல் மஞ்சப்பையில் போட்டுத் தட்டையாக வையுங்கள். செல்போனுக்கு வந்த படமானாலும் அழிக்க வேண்டாம். அடுத்த முறை போகும்போது பழைய படத்தைக் காட்டினால் மாற்றம் இருக்கிறதா என்று ஒப்பிட முடியும். பல நேரம் புதுப் படமே தேவைப்படாது.