நாளும் நிர்மால்யம் களைவோம்

சிவாலயங்களுக்குச் செல்லும் அன்பர்கள் நால்வர் திருவுருவங்களை வணங்காமல் வருவதில்லை. அந்நால்வருள் திருநாவுக்கரசு பெருமானை அடையாளம் கண்டுகொள்வது எளிது. அவர் தோளில் சார்த்தியிருக்கும் உழவாரப்படையே அவருக்கு அடையாளம். நீண்ட காம்பின் நுனியில் இரும்பு அலகு பொருத்திய, புல் செதுக்கும் கருவி அது. திருக்கோயில்கள்தோறும் சென்று பிராகாரத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கித் தூய்மை செய்த பெருமான் அவர். கொங்கு நாட்டின் பாடல் பெற்ற ஏழு தலங்களுள் ஒன்றாகிய திருப்பாண்டிக்கொடுமுடி, அவருடைய திருப்பதிகமும் பெற்ற தலமாகும்.

இப்பணியின் பெருமையை அவருக்கு முன்பே உணர்ந்திருந்தவர் அவருடைய தமக்கையார் திலகவதியார். திருவதிகையிலே திருவலகிடுதல், திருமெழுகிடுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல் ஆகிய தொண்டுகளை அவ்வம்மையார் நாள்தோறும் செய்துவந்தார். சூலை நோயால் வருந்திய தம்பி அவரை நாடி வந்தபோது திருநீறு அளித்து, வைகறையில் அலகும் மெழுக்கும் கையில் ஏந்தி அவரைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உரைக்கின்றார். திருவலகு என்பது வேறன்று. கொங்கு நாட்டில் நாம் சீமாறு என்று சொல்லும் துடைப்பமே ஆகும். அக்கருவியைத் 'திரு' என்னும் அடைமொழி கொடுத்து வழங்கினர் நம் முன்னோர். தூய்மை செய்தல் வழிபாட்டுக்கு முன்னர் முடிக்க வேண்டிய வேலை மட்டுமன்று. அதுவே வழிபாட்டின் தொடக்கம் என்பது அவர்கள் கொள்கை.

திருக்கோயில் காட்டும் ஒழுங்கு

காலையில் கருவறைக் கதவம் திறந்ததும், திருமஞ்சனத்திற்கு முன்பாக, முதல் நாள் சார்த்திய மாலைகள் களையப்படுகின்றன. இதனை நிர்மால்யம் களைதல் என்பர். இறைவன் திருமேனியில் இருந்த மாலையே ஆனாலும் அதன் காலம் முடிந்ததும் அது அங்கே நிற்பதில்லை. நேற்றைய மாலையின்மேல் இன்றைய மாலையைச் சார்த்தும் வழக்கம் கிடையாது.

இல்லத்திற்கும் இதுவே வழிகாட்டி. நம் வீடுகளில் இடம் போதாமைக்குக் காரணம் பெரும்பாலும் வீட்டின் சிறுமையன்று. பழையதைக் களையாமல் அதன்மேல் புதியதை வைப்பதேயாகும். அட்டாலியின் மேல் உடைந்த குடையும், ஓட்டைப் பாத்திரமும், எவரும் திறவாத அட்டைப் பெட்டிகளும் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. வீடு முழுவதையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்த முனைவோர் களைத்துப் பாதியில் விட்டுவிடுவர். திருக்கோயிலில் நிர்மால்யம் நாளும் களையப்படுவது போல, ஒரு நாளைக்கு ஓர் அலமாரித் தட்டு, மறுநாள் ஒரு பெட்டி என்று சிறிது சிறிதாகச் செய்வதே நிலைக்கும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. திருக்கோயிலில் திருவமுது ஆக்க மடைப்பள்ளி, மலருக்கு நந்தவனம், வாகனங்களுக்கு மண்டபம் என ஒவ்வொன்றுக்கும் இடம் வகுக்கப்பட்டுள்ளது. அவ்வாறே இல்லத்திலும் சாவிக்கு ஓர் ஆணி, மருந்துக்கு ஒரு பெட்டி, பத்திரங்களுக்கு ஓர் உறை என இடம் வகுத்து, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கப் பழகினால் தேடும் துன்பமும் அதனால் எழும் சினமும் நீங்கும்.

கொங்கு நாட்டு வழக்கம்

கொங்கு நாட்டார்க்கு இவ்வொழுங்கு புதிதன்று. வைகறையில் வாசல் கூட்டிச் சாணம் தெளித்துக் கோலமிடுதலும், வெள்ளிக்கிழமைக்கு முன் வியாழன் மாலையிலேயே புளியிட்டு விளக்குத் துலக்குதலும் இங்கு வழிவழி வந்த வழக்கங்கள். மார்கழியில் சாணப் பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூச் சூட்டி வாசலில் வைப்பர். சாணத்தில் புழுத் தோன்றாமை பேரூர்த் தலத்தின் அற்புதங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது அன்பர்கள் அறிந்ததே. தை பிறக்கும் முன் வீட்டுக்கு வெள்ளையடித்து, மார்கழிக் கடைசி நாளில் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டின் இறவாரத்திலும் தோட்டத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் காப்புக் கட்டுவர். தூய்மை செய்த இடத்திலேயே காப்பு நிற்கும் என்பது இவ்வழக்கம் உணர்த்தும் கருத்தாகும்.

களைந்தவை எங்கே செல்கின்றன?

இங்கேதான் நாம் நம்மை ஆராய்ந்துகொள்ள வேண்டியுள்ளது. திருக்கோயிலில் களையப்படும் நிர்மால்யம் தெருவில் எறியப்படுவதில்லை. அது சண்டேசுர நாயனாருக்கு உரியது என்பது சைவ மரபு. களைந்த பொருளுக்கும் உரிய இடம் ஒன்று உண்டு என்பதே இதன் குறிப்பு. நாமோ, நம் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் போதும் என்று எண்ணுகின்றோம். கண்ணாடி உடைந்த சுவாமி படங்கள் கோயில் அரசமரத்தடியில் சாய்த்து வைக்கப்படுகின்றன. காலாவதியான நாட்காட்டிகளும் நெகிழிப் பையோடு அங்கேயே வந்து சேர்கின்றன. நீராடிய துணிகள் ஆற்றுப் படித்துறைகளில் விடப்படுகின்றன. வீட்டைத் தூய்மை செய்துவிட்டதாக மகிழ்கின்றோம். உண்மையில் அழுக்கை இறைவன் வாசலுக்கும் ஆற்றுக்கும் இடம் மாற்றியிருக்கின்றோம்.

கோவை மாநகரின் குப்பை சேர்ந்த வெள்ளலூர்க் கிடங்கில் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீப்பற்றிப் புகை சூழ்ந்தது. அப்புகையைச் சுவாசித்தவர்கள் அக்குப்பையை எல்லாம் உண்டாக்கியவர்கள் அல்லர். அருகில் வாழ்ந்த மக்கள். போகியன்று டயரையும் நெகிழியையும் எரிப்பதும் இத்தகையதே. பழையன கழிதல் என்பது அடுத்த வீட்டுக் குழந்தையின் மூச்சைத் திணறச் செய்வதாக அமைதல் கூடாது.

செய்யத்தக்கவை எளியனவே. படத்தின் தாளைத் தனியே எடுத்துத் தோட்டத்து மண்ணில் புதைக்கலாம். சட்டத்தையும் கண்ணாடியையும் தனித்தனியே கட்டி, கையைக் கிழிக்காதவாறு தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்கலாம். வாடிய மலரும் காய்கறித் தோலும் செடிக்கு எருவாகும். உடுத்தத்தக்க துணியைத் துவைத்து மடித்து வேண்டியவர்க்கு அளிக்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்துள்ளது. ஆலயத்திற்கு வரும்போது மஞ்சள் துணிப்பையில் அர்ச்சனைப் பொருள்களைக் கொணர்தல் நன்று.

யார் செய்வது?

வீட்டைப் பெருக்குதல் பெண்களுக்கே உரிய வேலை என்று எண்ணும் ஆடவர் நாவுக்கரசர் தோளை ஒருமுறை நோக்குதல் வேண்டும். முதிர்ந்த வயதிலும் அவர் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. திருப்புகலூரில் அவர் பணி செய்த இடத்தில் பொன்னும் நவமணியும் தோன்றச் செய்தான் இறைவன். அவற்றைப் பருக்கைக் கல்லோடு ஒப்பக் கருதி, உழவாரத்தாலேயே ஏந்தி வாவியில் எறிந்தார் அப்பெருமான் என்கிறது பெரியபுராணம். பொன்னையே தடையாகக் கண்டு விலக்கியவர் அவர். நாம் பயனற்ற பொருள்களையும் விடமாட்டாமல் அட்டாலியில் காத்துவருகின்றோம்.

இன்று ஆலயம் தொழுது இல்லம் திரும்பும் அன்பர்கள் முதலில் பூசை மாடத்தை நோக்குவீராக. வாடிய மாலையை அகற்றி, எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்கைத் துலக்கி ஏற்றுவீராக. அப்பணியில் ஆண், பெண், குழந்தைகள் அனைவரும் கை சேர்ப்பீராக. திலகவதியார் கையில் ஏந்திய அலகும், அவர் தம்பியார் தோளில் தாங்கிய உழவாரமும் நம் இல்லத்திலும் திருத்தொண்டு ஆற்றட்டும்! பேரூர்ப் பட்டீசன் திருவருளால் எல்லா நலமும் பெருகுவதாக!